வலது கையில் மெட்ராஸ் மருந்து

பால்காரர் முதல் பாதிரியார் வரை நான் சந்தேகப்படாத ஆள் கிடையாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது கொஞ்சம் கௌரவம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடினால், தூங்குகிறாரா அல்லது தூங்குகிற மாதிரி இருந்து என் பையைக் கவனிக்கிறாரா என்று பார்ப்பேன். வீட்டில் கேட்காமலே காப்பி வந்தால், அடுத்து என்ன கேட்கப்போகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே குடிப்பேன்.

இப்போதே இப்படி என்றால் இருபத்துநான்கு வயதில் எப்படி இருந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு அது எல்லைப் போராட்டக் காலம். தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களை திருவனந்தபுரத்திலிருந்து பிரித்து மெட்ராஸோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கட்சி, ஒரு பிடி மண்ணைக்கூட விட முடியாது என்று இன்னொரு கட்சி. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. தமிழில் சண்டையைத் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிற ஊர்கள் எங்களுடையவை. ஒரே வீட்டில் அண்ணன் மெட்ராஸ் பக்கம், தம்பி திருவனந்தபுரம் பக்கம், அம்மா யார் முதலில் சாப்பிட வருகிறாரோ அவர் பக்கம். நோட்டும் பென்சிலுமாக ஒருவன் தெருவில் இறங்கினால் போதும், கதவு சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்கும். கணக்கெடுக்க வந்தவனா, துப்புக் கேட்க வந்தவனா என்று யாருக்குத் தெரியும்?

அப்படிப்பட்ட காலத்தில், அப்படிப்பட்ட ஊருக்கு, நோட்டும் பென்சிலும் கூடவே ஒரு பெட்டி நிறைய ஊசியுமாக என்னை அனுப்பினார்கள்.

நான் அப்போது திருவனந்தபுரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளன். கம்பவுண்டர் பரீட்சை பாஸ் செய்திருந்தேன் என்றாலும், பெரும்பாலும் செய்தது சோதனைக் குழாய் கழுவுவதும், கூண்டிலிருந்த சீமை எலிகளுக்குக் கடலை போடுவதும்தான். அங்கே எங்கள் டாக்டர் காலா அசார் என்ற நோயைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். நம் பக்கத்தில் இல்லாத நோய் அது. வடக்கே உண்டு. கொசுவைவிடச் சின்னதான மணல் ஈ கடித்து, லீஷ்மேனியா என்ற கிருமி உடம்பில் புகுந்து, மண்ணீரல் வீங்கி, மாதக்கணக்கில் காய்ச்சலடிக்கும். டாக்டருக்குக் கிருமியில் அவ்வளவு அக்கறை இல்லை. அதை எதிர்த்து நிற்கும் உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

அவருடைய சோதனையை எலிக்குச் சோறு போடுகிறவனுக்கும் புரியும்படி சொல்லலாம். (எனக்குப் புரிந்ததே அதற்குச் சாட்சி.) நோய் வந்து குணமானவரின் முன்கையில், கொன்று பக்குவப்படுத்திய கிருமிகளைத் துளியூண்டு ஊசியில் ஏற்றினால், இரண்டு நாளில் அந்த இடம் தடித்து வீங்கும். உடம்பு பழைய எதிரியை அடையாளம் கண்டுகொண்டது என்று அர்த்தம். நோயே வராதவருக்கு வீங்கக் கூடாது. அப்படி வீங்கினால் சோதனை எதற்கும் உதவாது, தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். குணமானவர்களின் கைகளை டாக்டர் பார்த்து முடித்திருந்தார். இனி அந்த நோயின் பேரைக்கூடக் கேட்டிராத முப்பது பேரின் கைகள் வேண்டும். அவை வீங்காமல் இருந்தால் இரண்டு வருட உழைப்பு கரை சேரும்.

நான் அமரவிளைக்காரன், இரண்டு பாஷையும் தெரியும் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார். போக வேண்டியது உதியன்குளங்கரைக்கும் பாறசாலைக்கும் இடையிலிருந்த ஒரு கிராமம். காரியத்தைச் சரியாகச் செய்தால் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி மேலே எழுதுவதாகச் சொன்னார். நிரந்தரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி. அம்மா எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தாள். தற்காலிகக்காரனுக்கு எவனும் பெண் கொடுப்பதாயில்லை.

செய்முறையை டாக்டர் மூன்று தடவை சொன்னார். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஊசி. வலது முன்கையில் மருந்து, இடது முன்கையில் வெறும் உப்புத் தண்ணீர். சரியாக நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து இரண்டு கையையும் தொட்டுப் பார்த்து, அளந்து எழுத வேண்டும். சொல்லிவிட்டு, எதை மறந்தாலும் இடது கையை மறக்காதே என்று வாசல்வரை வந்து மலையாளத்தில் மறுபடியும் சொன்னார்:

"எடோ, எந்து மறந்நாலும் இடத்தே கை மறக்கருது, கேட்டோ."

உப்புத் தண்ணீர் குத்திய இடத்தில் என்ன இருந்துவிடப்போகிறது என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகிப்பவன், அந்த உப்புத் தண்ணீரை மட்டும் முழுசாக நம்பினேன்.

கிளம்பும்போது எங்கள் தலைமைக் கிளார்க் தனியாக அழைத்து, "அங்க அரசியல் பேசிராதே. டீக்கடை பெஞ்சில இருக்கவனில பாதிப்பேரு சி.ஐ.டி.யாக்கும்" என்று காதில் ஓதினார். இப்படி ஒரு வாசகத்தை என்னைப் போன்றவனிடம் சொல்லலாமா? அதோடு என் நிம்மதி போயிற்று. வீட்டில் அம்மாவும் ஏதோ சொன்னாள். பாறசாலைப் பக்கம் ஒரு இடம் வந்திருப்பதாகவும், யாரோ வந்து என்னைப் பார்ப்பார் என்றும். நான் ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்ததால் காதில் சரியாக விழவில்லை.

உதியன்குளங்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே முதல் சி.ஐ.டி.யைக் கண்டுபிடித்துவிட்டேன். ஐம்பது வயது, வெள்ளை ஜிப்பா, கையில் விரித்த குடை. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. முகத்தை மறைக்கத்தான் குடை என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் நேராக என்னிடம் வந்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"தெக்க" என்றேன். (நான் வந்தது வடக்கிலிருந்து.)

"தெக்கன்னா எங்கோட்டு?"

"கொஞ்சம் தெக்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்பா என்ன செய்யாரு?"

"அப்பா இல்ல."

"அய்யோ! எப்பம் தவறினாரு?"

"சின்ன வயசிலயே." (அந்த நேரத்தில் என் அப்பா அமரவிளையில் மரச்சீனிக் கிழங்குச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்திருப்பார்.)

"வேல நெரந்தரமா?"

இது வலை என்று தெரிந்தது. "அதெல்லாம் வெளிய சொல்லதுக்கில்ல" என்றேன்.

"குடி, பீடி வல்லதும் உண்டா?"

ஒரு சி.ஐ.டி.க்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. எதற்கும் பிடி கொடுக்காமல் பதில் சொல்லும் உற்சாகத்தில், "தேவப்பட்டா உண்டு" என்றேன். அவர் குடையை மடக்கி, மறுபடி விரித்து, பெருமூச்சு விட்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது குடை ஐம்பதடி தள்ளி என் பின்னால் வந்துகொண்டிருந்தது.

கிராமத்துச் சபையின் பள்ளிக்கூட ஓலைக்கொட்டகையை உபதேசியார் எனக்கு ஒழித்துக் கொடுத்தார். ஞாயிறு ஆராதனை முடிவில் என்னைப் பற்றி அறிவிப்பும் செய்திருந்தார். ஊர்மக்களுக்கு முன்மாதிரியாக அவரே முதலில் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும், அவசரமாக ஒரு ஜெபக்கூட்டம் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அன்று திங்கட்கிழமை. அதற்குப் பிறகு மாலைவரை ஒரு கோழி மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பலாமரம். அதன் கீழே குடை.

முப்பது கைக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. நிரந்தரம் என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. மனம் நொந்து தங்கையனுடைய டீக்கடைக்குப் போனேன். அந்தக் கடையில் இரண்டு பெஞ்சு. வலப்பக்க பெஞ்சில் மெட்ராஸ்காரர்கள், இடப்பக்க பெஞ்சில் திருவனந்தபுரத்துக்காரர்கள். தங்கையன் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆற்றிக் கொடுத்துப் பிழைத்தார். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே டீ வாங்கினேன்.

"சாரே, தப்பா நெனைக்கப்பிடாது" என்றார் தங்கையன். "அந்த ஊசி எதுக்காக்கும்?"

அரசியல் பேசாதே என்றுதான் கிளார்க் சொல்லியிருந்தார். விஞ்ஞானம் பேசாதே என்று சொல்லவில்லையே! எலிக்குக் கடலை போடுகிறவனிடம் பதினைந்து பேர் காதைக் கொடுத்தால் என்ன ஆகும்? நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"வலது கையில குத்துறது மெட்ராஸிலேருந்து ஐஸ்பெட்டியில வந்த மருந்தாக்கும்" என்றேன். "இடது கையில குத்துறது நம்ம திருவனந்தபுரத்து உப்புத் தண்ணி. அங்க நாங்களே உண்டாக்குறது."

இரண்டு பெஞ்சிலும் டம்ளர்கள் கீழே இறங்கின.

"அப்பம் எந்தக் கை வீங்கும்?" என்று வலப்பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"அது அவனவன் ஒடம்பப் பொறுத்தது. வாய் பொய் சொல்லும், ஒடம்பு சொல்லாது பாத்துக்கிடுங்க. தனக்குப் பழக்கமான சாதனத்த உள்ள விட்டா ஒடம்பு அத அடையாளம் கண்டுபிடிச்சிரும். ஆளு எவ்வளவு ஒளிச்சாலும் கை வீங்கிக் காட்டிக்கொடுத்திரும்."

"வீங்கினத என்ன செய்விய?" இது இடப்பக்கம்.

"பேரு, வயசு, வீக்கம் எல்லாம் நோட்டில எழுதி மேலே அனுப்புவோம். பின்னே, அத வச்சுத்தானே முடிவு செய்வாவ?"

 அத்தனை பேரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞானத்துக்கு இருக்கும் மரியாதையைப் பார் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இன்னொரு டீ வாங்கிக் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கொட்டகைக்குப் போனபோது ஊரே வாசலில் நின்றது. அதுவும் தானாகவே இரண்டு வரிசையாக! என் பேச்சுத் திறமையை நானே மெச்சிக்கொண்டு, முப்பது பேரை எடுத்து, மீதிப்பேரை வருத்தத்தோடு திருப்பி அனுப்பினேன். (ஊசி கிடைக்காமல் ஒருவர் அழுதார். அதற்கும் நான் காரணம் யோசிக்கவில்லை.) தங்கையன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

அந்த முப்பது பேரில் ஒருத்தி மட்டும் வரிசைக்கு வெளியே தனியாக நின்றாள். கனகபாய் என்று பேர் சொன்னாள். பத்தொன்பது வயது. மற்றவர்கள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் என்னையே பார்த்தாள்.

"இது என்ன தீனத்துக்காக்கும்?" என்று கேட்டாள். முப்பது பேரில் என்ன நோய் என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். சொன்னேன்.

"ரெண்டு கையையும் அளப்பியளா?"

"ஆமா."

"எதுக்கு ரெண்டும்?"

எனக்கே அது தெளிவாகத் தெரியாததால் கோபம் வந்தது. "அதெல்லாம் ஒனக்கு எதுக்கு?" என்று சொல்லி ஊசியைப் போட்டேன். இவ்வளவு கேள்வி கேட்கிற பெண் யார் அனுப்பி வந்தவளாக இருக்கும் என்று சந்தேகம் தட்டியது. பலாமரத்தடிக் குடையை அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்ததையும் கவனித்தேன். அதோடு முடிச்சுப் போட்டாயிற்று: இவள் அவனுடைய ஆள்.

புதன்கிழமை எனக்கு வேலை இல்லை. ஊரைச் சுற்றி நடந்தேன். கொல்லாங்கொட்டைக் காலம் அது. முந்திரிக்கொட்டையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வீட்டுக்கு வீடு கொட்டை சுடும் வாசனை. ஒவ்வொரு முற்றத்திலும் ஓட்டுத்துண்டில் கொட்டையைப் போட்டு, பக்கத்தில் ஆண்கள் குந்தியிருந்தார்கள். சுடுகிற வேலையில் பொதுவாக ஆண்களைப் பார்க்க முடியாதே என்று சந்தேகம் வந்தது உண்மை. ஏதோ ரகசியக் கூட்டம் நடக்கப்போகிறது, அதற்குத் தின்பண்டம் தயாராகிறது என்று முடிவு செய்து, அந்தப் பக்கமே பார்க்காமல் நடந்தேன்.

வியாழக்கிழமை அளக்க உட்கார்ந்தேன். முதல் ஆள் வலது கையை நீட்டினார். வீக்கம் என்றால் அப்படி ஒரு வீக்கம்! அளவுகோலை வைக்கவே இடம் போதவில்லை. இரண்டாவது ஆளுக்கும் அதே. மூன்றாவது ஆளுக்கு ஒன்றுமில்லை. நான்காவது ஆளுக்கு வீக்கத்தின் மேல் கொப்புளமே இருந்தது. ஏறக்குறையப் பாதிப்பேரின் வலது கை வீங்கியிருந்தது. எனக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். காலா அசார் இல்லை என்று டாக்டர் நினைத்திருக்கும் ஊரில் பாதிப்பேருக்கு அது வந்துபோயிருக்கிறது, அதை நான் கண்டுபிடித்துவிட்டேன்! பத்திரிகையில் என் பேர் எந்த இடத்தில் வரும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. பலர் இடது கைமேல் துவர்த்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் துண்டைத் துவர்த்து என்போம், அது தோளில் கிடக்கும், தலையில் கிடக்கும், இப்படி முன்கையில் கிடந்து பார்த்ததில்லை. உள்ளே போராட்ட நோட்டீஸ் இருக்கும், அல்லது கத்தி இருக்கும். எடுக்கச் சொல்லி ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும்? உப்புத் தண்ணீர் கைதானே என்று இடது கைப் பத்தியில் எல்லாருக்கும் பூஜ்யம் போட்டேன். தங்கையனும் துவர்த்தோடுதான் வந்தார். வலது கையில் வீக்கம், அவருக்கும் இடதில் பூஜ்யம்.

கடைசியாகக் கனகபாய் வந்தாள். துவர்த்தும் இல்லை, முந்தானையும் மறைக்கவில்லை. இரண்டு கையையும் மேஜைமேல் நீட்டி வைத்தாள். வலதில் ஒன்றுமில்லை.

"எடது கையையும் பாக்கணும்லா?" என்றாள்.

"வேண்டாம். போ."

"ரெண்டும் அளப்பேன்னு சொன்னிய."

எல்லாரும் எதையோ ஒளிக்கிற ஊரில் இவள் ஏன் இவ்வளவு தாராளமாகக் காட்டுகிறாள்? அவள் பெயருக்கு நேரே பெரிய கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் 'சந்தேகம்' என்று எழுதினேன். அந்த நோட்டில் நான் சந்தேகப்பட்டு எழுதியது அவள் ஒருத்தியைத்தான்.

அன்று மதியமே பாறசாலை தபாலாபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்தேன்: 'வலது கைகளில் பாதி பெரும் வீக்கம். ஆராய்ச்சி வெற்றி. வாழ்த்துகள்.' போஸ்ட்மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, என்னையும் என் பின்னால் வாசலில் நின்ற குடையையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தச் சமயத்தில் இப்படிப்பட்ட தந்தியெல்லாம் வேண்டுமா தம்பி என்று கேட்டார். விஞ்ஞானம் என்று பதில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை ஜீப்பில் டாக்டர் வந்து இறங்கினார். மாலை போட வருவார் என்று நான் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே இரண்டு வருடக் குறிப்பு நோட்டுகள். ஆரோக்கியமான ஊரில் பாதிப்பேருக்கு வீங்கினால் அந்தச் சோதனை குப்பை என்று அவரே எனக்குச் சொல்லியிருந்தாரே! அந்த மனுஷனுக்குத்தான் நான் வாழ்த்துத் தந்தி அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

அவர் கோபப்படவில்லை. நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். இடது கைப் பத்தியில் ஒரே கையெழுத்தில், ஒரே வேகத்தில் முப்பது பூஜ்யம். நிமிர்ந்து, இடது கையைப் பார்த்தாயா என்று மெதுவாகக் கேட்டார்:

"எடோ, இடத்தே கை நோக்கியோ?"

"உப்புத் தண்ணியல்லே, சார்…" என்றேன். அவர் நோட்டை மூடினார். எல்லாரையும் கூப்பிடச் சொன்னார்.

முதலில் வந்தது தங்கையன். டாக்டர் அவருடைய வலது கையைத் தொட்டு, அமுக்கி, முகர்ந்து பார்த்தார். தோலுக்கு அடியில் தடிப்பு இல்லை. மேல்தோல்தான் வெந்து கறுத்திருந்தது. "இனி இடத்தே" என்றார். தங்கையன் நெளிந்தார். டாக்டர் தாமே துவர்த்தை எடுத்தார். உள்ளே நோட்டீசும் இல்லை, கத்தியும் இல்லை. வலதைவிடப் பெரிய கொப்புளம் இருந்தது.

"உப்புவெள்ளத்தினு கை பொள்ளுமோ?" என்று டாக்டர் கேட்டார். உப்புத் தண்ணீருக்குக் கை கொப்பளிக்குமா என்பது அவர் கேள்வி.

தங்கையன் பதில் சொல்வதற்குள் வலப்பக்கத்து ஆள் ஒருவர் கத்தினார்: "எலே தங்கையா, நீ ரெண்டிலயும் தேச்சியாலே? கள்ளப்பயலே!"

"எனக்கு ரெண்டு பெஞ்சுக்கும் சாய குடுக்கணும் மக்கா" என்றார் தங்கையன் பரிதாபமாக. "எந்தப் பக்கம் போனாலும் கட நடக்கணும்லா?"

அதோடு மடை திறந்தது. நீ வலதில் தேய்க்கவில்லையா, அவன் இடதில் தேய்க்கவில்லையா, உங்கள் ஆள் மூன்று கொட்டை தேய்த்தானே என்று இரண்டு கட்சியும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்தன. துவர்த்துகள் பறந்தன. கொல்லாங்கொட்டையைச் சுட்டால் தோட்டிலிருந்து கறுப்பாக ஒரு எண்ணெய் கக்கும். தோலில் பட்டால் வெந்து வீங்கிவிடும். எங்கள் பக்கத்தில் தவழுகிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். மெட்ராஸில் சேர வேண்டும் என்றவர்கள் வலது கையில் தேய்த்திருந்தார்கள். திருவனந்தபுரத்தோடு இருக்க வேண்டும் என்றவர்கள் இடது கையில். உள்ளே விட்ட மெட்ராஸை அடையாளம் கண்டு வீங்கினால் அவன் மெட்ராஸ்காரன் என்று சர்க்கார் எழுதிக்கொள்ளும், அதை வைத்து எல்லைக்கோடு போடும். அதற்காக இருபத்தொன்பது பேரும் இரண்டு நாள் எரிச்சல் பொறுத்திருக்கிறார்கள்.

"இப்படி ஆரு பறஞ்ஞு?" என்று டாக்டர் கேட்டார்.

இரண்டு கட்சியும் அந்த வருடத்திலேயே முதல் தடவையாக ஒற்றுமையாகச் சேர்ந்து என்னைக் காட்டின. தங்கையன் என் டீக்கடைப் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். ஐஸ்பெட்டியைக்கூட விடவில்லை. டாக்டர் கேட்டுக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றால் கொட்டகைத் தரை நல்ல கெட்டியாகச் சாணி மெழுகிய தரை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "சாரே, எனக்க கையை ஆரும் பாக்கல."

கனகபாய் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வலதைத் தடவிப் பார்த்தார், இடதைத் தடவிப் பார்த்தார். இரண்டிலும் ஊசி குத்திய புள்ளி மட்டும். வேறெதுவும் இல்லை. அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். ஒரு ஆளை வைத்து எதுவும் நிரூபிக்க முடியாது. அது அவருக்குத் தெரியும். ஆனால் இரண்டு வருடம் வீண் இல்லை என்று நம்புவதற்கு அந்த இரண்டு கை போதுமாயிருந்தது. நோட்டில் அவள் பெயரைத் தேடினார்.

"இதெந்தாடோ?" என்று கேள்விக்குறியைத் தொட்டுக் கேட்டார்.

"சந்தேகம், சார்."

அவர் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம். நோட்டில் எல்லாப் பெயரையும் குறுக்கே அடித்தார், அவளுடையதைத் தவிர. பிறகு அன்று முழுக்க வெந்த கைகளுக்கெல்லாம் அவரே மருந்து போட்டார். நான் துணி கிழித்துக் கொடுத்தேன். சோதனையை வேறு ஊரில், வேறு ஆளை வைத்து மறுபடி செய்வதாகச் சொன்னார். அப்படியே செய்தார், ஒரு கைகூட வீங்கவில்லை. நான் எலிகளிடம் திரும்பினேன். நிரந்தரம் வர இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று.

கதை முடிந்தது என்று நினைத்துச் சனிக்கிழமை அமரவிளை வீட்டில் கவிழ்ந்து படுத்திருந்தேன். வாசலில் குடை விரிந்து நின்றது. கைது செய்யத்தான் வந்திருக்கிறார் என்று அடுக்களைப் பக்கம் ஓடினேன். அப்பா போய்க் கதவைத் திறந்தார்.

"ஆராக்கும்?"

"நான் கொப்பரை யாவாரி மாசிலாமணி. பையனப் பாக்க வந்தேன். நீங்க அவருக்கு…?"

"அப்பன்."

குடை மெதுவாக மடங்கியது. "நீங்க சின்ன வயசிலயே தவறிட்டதாட்டு சொன்னாவளே?"

அப்பா உள்ளே திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுதுவதற்கு எனக்குத் தமிழும் போதாது, மலையாளமும் போதாது. அம்மா சொன்ன பாறசாலைப் பக்கத்து இடம் இவர்தான். நாலு நாள் என் பின்னாலேயே நடந்து மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். கனகபாய் அவருடைய மகள். மாப்பிள்ளைக்குக் கை நடுங்குகிறதா என்று பார்க்கத்தான் ஊசிக்கே வந்தாளாம்.

அவர் அன்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவள்தான் வேண்டும் என்றாள். இரண்டு வருடம் பொறுத்தும் இருந்தாள். காரணம் கேட்டதற்கு, "இம்புட்டு பயப்படுத ஆளு கள்ளத்தரம் ஒண்ணும் செய்யமாட்டாவ" என்று தகப்பனிடம் சொன்னாளாம். பாராட்டா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

எல்லைக்கோடு பிறகு பாறசாலைக்குத் தெற்கே விழுந்தது. வலது கை வீங்கினவர்களும் இடது கை வீங்கினவர்களும் நானும் ஒரே பக்கம், திருவனந்தபுரத்துப் பக்கம்தான் கிடந்தோம். தங்கையன் கடையில் இரண்டு பெஞ்சும் ஒன்றாயின. இரண்டு கையிலும் கறுப்புத் தழும்போடு அவர் கடைசிவரை சாயா ஆற்றினார்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்த வழக்கு முடியவில்லை. மூத்தவன் பரீட்சையில் எல்லாம் சரியாக எழுதினேன் என்று வந்தபோது, மகள் ஒரு வீட்டை விலை பேசிவிட்டு எல்லாம் விசாரித்தாயிற்று என்றபோது, நான் பால்காரர் தண்ணீர் கலப்பதை நிரூபித்துவிட்டதாக அறிவித்தபோது, கனகபாய் கேட்பது ஒரே கேள்வி. அதையும் டாக்டர் கேட்ட மாதிரியே மலையாளத்தில், மெதுவாக, நிமிர்ந்து பார்த்துக் கேட்பாள். இப்போது பேரப்பிள்ளைகளும் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

போன மாதம் நெய்யாற்றின்கரையில் டாக்டரிடம் போய் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வந்தேன். "ஒரு கொழப்பமும் இல்லையாம், இருபது வயசுப் பையனுக்கு இருக்கமாதிரி இருக்காம்" என்று வாசலிலிருந்தே சொன்னேன். அவள் பயறு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இடத்தே கை நோக்கியோ?"

நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். அந்த டாக்டர் வலது கையில் மட்டும்தான் பட்டையைச் சுற்றினார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திரும்பப் போய், இடது கையிலும் அளந்துவிட்டு வந்தேன்.